வரி போட்டதும் வற்றிய ஊற்று

எடிப்சோஸ் கடற்கரையில் அந்த இடத்துக்கு டிக்கெட் கிடையாது. பாறை இடுக்கிலிருந்து ஆவி பறக்க வழிகிற வெந்நீர், மஞ்சளும் துருவுமாகப் படிந்த கல்மேல் சறுக்கி நேராகக் கடலில் விழுகிறது. விழுகிற இடத்தில் கடலே சுடுகிறது. அந்தச் சுடுகடலில் கழுத்தளவு முங்கியபடி பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் எழுபதை ஒட்டியவர்கள், தலையில் தொப்பியோடு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நேரே தண்ணீர் விழுகிற இடத்துக்குப் போகப் பார்த்தேன். ஒரு பாட்டி பதறிப்போய்க் கையை ஆட்டி, இரண்டு அடி தள்ளி நிற்கச் சொன்னார். பாஷை புரியாவிட்டாலும் "வெந்துபோவே" என்பது புரிந்தது.

தள்ளி நின்றேன். அலை வந்தால் குளிரும், அலை போனால் சுடும். நிமிர்ந்து பார்த்தால் கொஞ்ச தூரத்தில் ஊரின் பெரிய விடுதி. அங்கேயும் பூமிக்கடியிலிருந்து வரும் இதே தண்ணீர்தான், நீச்சல் குளத்தில், துண்டும் பில்லும் சேர்த்து. ஒரே தண்ணீருக்கு இரண்டு வாசல். அப்போதுதான் எப்போதோ படித்துக் குறித்து வைத்திருந்த ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. இந்த ஊரில் ஊற்றுத் தண்ணீருக்கு ஒருமுறை வரி போட்டார்களாம். போட்டதும் ஊற்று வற்றிவிட்டதாம். வீட்டுக்குத் திரும்பியதும் அந்தக் குறிப்பைத் தேடி எடுத்தேன். அதிலிருந்து விரிந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய நூல்களில் யூபோயா என்று வரும் தீவுதான் இன்றைய எவியா. கிரேக்கத் தீவுகளில் கிரீட்டுக்கு அடுத்து இதுதான் பெரியது. தீவு என்று பேர், ஆனால் பெருநிலத்தை உரசிக்கொண்டு கிடக்கிறது. சால்கிஸ் நகரத்தருகே இரண்டுக்கும் நடுவே இருக்கும் கடல் சுமார் 40 மீட்டர் அகலம்தான். பாலத்தில் நடந்தே கடந்துவிடலாம். எடிப்சோஸ் தீவின் வட பகுதியில் இருக்கிறது. ஏதென்ஸிலிருந்து இரண்டு மணி நேரம்போல வண்டியில் வந்து, ஆர்கிட்சா துறையில் கப்பல் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கொண்டுவிடும். கரையில் இருக்கும் ஊருக்கு லூத்ரா எடிப்சு என்று பெயர். லூத்ரா என்றால் குளியல்கள். ஊர்ப் பேரிலேயே தொழில் இருக்கிறது.

தண்ணீர் ஏன் சுடுகிறது? தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கடலடியில் நிலம் பிளந்து விலகிக்கொண்டிருக்கிறது. மழைநீரும் கடல்நீரும் அந்தப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, வேறு பிளவுகள் வழியாக மேலே வருகின்றன. வரும் வழியில் உப்பும் சுண்ணாம்பும் கரைந்து சேர்ந்துகொள்கின்றன. காற்றுப் பட்டதும் சுண்ணாம்பு கல்லாகப் படிகிறது. கரையில் நான் பார்த்த மஞ்சள் கல் அதுதான். சில ஊற்றுகளில் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் பாட்டி பதறினார்.

இதே கேள்வியை அரிஸ்டாட்டிலும் கேட்டிருக்கிறார். வானிலை, நிலநடுக்கம் பற்றி எழுதிய நூலில், பூமிக்குள் அடைபட்ட காற்றுதான் நிலத்தை ஆட்டுகிறது என்று வாதிடும்போது எடிப்சோஸ் வெந்நீரையும் அதே காரணத்தோடு சேர்த்துச் சொல்கிறார். காற்று என்ற விளக்கம் நிற்கவில்லை. ஆனால் இந்த வெந்நீரும் நிலநடுக்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். அவர் கி.மு. 322-இல் இறந்ததும் இதே தீவில், சால்கிஸில்தான்.

அந்த உறவுக்கு ஒரு சாட்சியும் உண்டு. புவியியலாளர் ஸ்ட்ராபோ, தமக்கு முந்தைய ஓர் ஆசிரியரைக் காட்டி ஒரு பெரிய நிலநடுக்கத்தைப் பற்றி எழுதுகிறார். கி.மு. 426-இல் நடந்தது என்று பொதுவாகக் கணிக்கிறார்கள். அப்போது எடிப்சோஸிலும், எதிர்க்கரையில் இருக்கும் தெர்மோபைலேயிலும் வெந்நீர் மூன்று நாள் நின்றுபோனது. பிறகு மறுபடி வந்தது. எடிப்சோஸில் புதிதாக வேறோர் இடத்திலும் பீறிட்டது.

அந்த மூன்று நாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ராத்திரி பகல் ஓயாமல் ஓடிய தண்ணீர் திடீரென்று நிற்கிறது. பாறை ஆறிப்போகிறது. ஏன் நின்றது, திரும்ப வருமா, யாருக்கும் தெரியாது. நாலாம் நாள் வருகிறது. இப்படி ஓர் அனுபவம் கிடைத்த ஊர் அதை லேசில் மறக்காது. தண்ணீர் வரும், கோபம் வந்தால் போகவும் போகும் என்ற பயம் ஊர் நினைவில் தங்கியிருக்கும். வரிக் கதை முளைத்த மண் அதுதான் என்பது என் ஊகம்.

சரி, கதைக்கு வருகிறேன். கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த அதெனாயோஸ் ஒரு விநோதமான நூல் எழுதினார். விருந்தில் உட்கார்ந்த அறிஞர்கள் சாப்பாட்டைப் பற்றியும் அதன் சாக்கில் உலகத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே போவார்கள். 15 புத்தகங்கள். இன்று தொலைந்துபோன எத்தனையோ நூல்களின் துண்டுகள் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஆய்வாளர்களுக்கு அது ஒரு புதையல். அப்படி ஒட்டியிருக்கும் துண்டுகளில் ஒன்று, கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பிலார்கோஸ் எழுதியது.

அவர் சொல்வது இது. எடிப்சோஸில், கடலுக்குப் பக்கத்தில், புதிதாக ஓர் ஊற்று தோன்றியது. வெந்நீர் ஊரில் இது மட்டும் குளிர்ந்த ஊற்று. நோயாளிகள் குடித்தார்கள், நல்ல குணம் தெரிந்தது. சேதி பரவி, தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆன்டிகோனஸ் அரசரின் தளபதிகள் பார்த்தார்கள். குடிக்கிறவர்கள் இவ்வளவு கட்ட வேண்டும் என்று தீர்வை விதித்தார்கள். ஊற்று வற்றிவிட்டது.

இந்தக் கதை தனியாக வரவில்லை, மூன்றில் ஒன்றாக வருகிறது. முதல் கதை எபிரஸ் நாட்டில். எகிப்தில் மட்டுமே விளையும் என்று நம்பியிருந்த 'எகிப்து அவரை' அங்கே ஒரு சதுப்பில் தானாக முளைத்தது. இது நம் தாமரைதான் என்று தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். பிர்ரஸ் மன்னரின் மகன் அலெக்சாண்டர் அதற்குக் காவல் போட்டார், யாரும் கிட்டே போகக் கூடாது என்று. சதுப்பே காய்ந்துபோனது. மூன்றாவது கதை டிராய் பக்கத்தில். அங்கே தானாக விளைந்த உப்பை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம். லிசிமாகஸ் அரசர் வரி போட்டார், உப்பு மறைந்தது. அசந்துபோய் வரியை நீக்கினார், உப்பு திரும்ப விளைந்தது. உப்பு வரி என்றதும் நமக்கு வேறொரு கதை ஞாபகம் வரும். அங்கே உப்பு மறையவில்லை, மனிதர்கள்தான் நடக்க வேண்டியிருந்தது.

இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. பிலார்கோஸ் ஸ்பார்டாவின் மன்னர் கிளியோமெனஸ் பக்கம் சாய்ந்தவர். அந்த மன்னரைத் தோற்கடித்தது மாசிடோனியா. அங்கே ஆண்டதோ ஆன்டிகோனஸ் வம்சம். வாசகரை அழவைப்பதற்காக நாடகம் போடுகிறார் என்று பிற்காலத்து பாலிபியஸ் அவரைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார். மாசிடோனியத் தளபதிகள் வில்லனாக வரும் கதை அவர் கைக்கு வாகானது என்பதை மறக்கக் கூடாது.

ஆனாலும் அந்த வாக்கியத்தில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. தளபதிகள் ஏன் தீர்வை போட்டார்கள்? பேராசையால் என்று நூல் சொல்லவில்லை. இன்னும் 'சிக்கனமாக' நிர்வகிக்க விரும்பினார்கள் என்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் ஓய்கோனோமியா என்ற வேரிலிருந்து வருவது. வீட்டை ஒழுங்காக நடத்துவது என்று பொருள். எக்கனாமிக்ஸ் என்று இன்று நாம் சொல்வதும் அதே வேர்தான். ஆக அவர்கள் தங்களைக் கொள்ளைக்காரர்களாக நினைத்திருக்க மாட்டார்கள். கூட்டம் கூடுது, தண்ணீர் கொஞ்சம்தான், ஒரு கட்டணம் வைத்தால் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எந்த அலுவலகத்திலும் இன்று இதையேதான் சொல்வார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படும்.

அப்படியானால் பழைய கிரேக்கர்கள் குணம்பெறுவதற்குக் காசு கொடுப்பதையே பாவம் என்று நினைத்தார்களா? இல்லை. இதற்கு வெளியே எங்கும் தேட வேண்டாம். அதே நீரிணையின் தென்பகுதியில், பெருநிலக் கரையோரம் ஒரோபோஸ் என்ற ஊர். அங்கே அம்பியரோஸ் என்ற தெய்வ வைத்தியனின் கோயில். நோயாளிகள் கோயிலில் படுத்துத் தூங்கிக் கனவில் மருத்துவம் பெறுவார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. சிகிச்சைக்கு வருகிறவர் குறைந்தது 9 ஓபல், அதுவும் நல்ல வெள்ளிக் காசாக, கோயில் பணியாளர் பார்க்கும்படி உண்டியலில் போட வேண்டும் என்கிறது. கள்ளக் காசு போட்டிருக்கிறார்கள் போல! குணமான பிறகு பொன்னும் வெள்ளியுமாகக் காசுகளை அங்கிருந்த ஊற்றிலேயே போடும் வழக்கமும் இருந்தது என்று பயணி பௌசானியாஸ் எழுதுகிறார்.

ஆகவே காசு பிரச்சினை இல்லை. தெய்வத்தின் உண்டியலுக்குக் கொடுத்தார்கள், ஊற்றுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அரசனின் ஆள் வந்து ஊற்றுக்கும் வாய்க்கும் நடுவே நின்றதுதான் உறுத்தியது. பூமி கொடுத்ததை இவன் யார் விற்க என்ற கேள்வியை அந்தக் காலத்தில் தளபதியிடம் நேரே கேட்க முடியாது. அதனால் ஊற்றே கேட்டது மாதிரி கதை சொன்னார்கள். எனக்கு அந்தக் கதை அப்படித்தான் படுகிறது.

தளபதி என்றதும் இந்த ஊரின் மிகப் பெரிய வாடிக்கையாளருக்கு வர வேண்டும். ரோமத் தளபதி சுல்லா. கி.மு. 86-இல் ஏதென்ஸை முற்றுகையிட்டு உடைத்தவர். சந்தை வெளியில் சிந்திய ரத்தம் நகர வாசலைத் தாண்டி வெளியே ஓடியதாகப் பலர் சொல்வார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கெஞ்சியவர்கள் கெஞ்சிய பிறகுதான், செத்தவர்களுக்காக இருப்பவர்களை மன்னிக்கிறேன் என்று நிறுத்தினாராம். பிறகு ஓர்கோமெனோஸ் போரில் ஜெயித்து எதிரியைத் துரத்தும்போது வழியில் மூன்று ஊர்களை அழித்தார். அதில் ஒன்று ஹாலாய், எடிப்சோஸுக்குத் தென்கிழக்கே எதிர்க்கரையில் இருந்த மீன்பிடி ஊர்.

இரண்டு வருஷம் கழித்து, கிழக்கே வேலையை முடித்துக்கொண்டு ஏதென்ஸுக்குத் திரும்பியவருக்குப் பாதம் மரத்துக் கனத்தது. ஸ்ட்ராபோ இதை கவுட் நோயின் மழலை என்று குறிப்பிட்டதாக புளூட்டார்க் சொல்கிறார். நோய் இன்னும் முழுசாகப் பேசக் கற்கவில்லையாம். சுல்லா கடல் தாண்டி எடிப்சோஸ் வந்தார். வெந்நீரில் கிடந்தார், கூத்துக் கலைஞர்களோடு பொழுதைப் போக்கினார். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. இன்று நம் கையில் இருக்கும் ஸ்ட்ராபோவின் புவியியல் நூல், சுல்லா குளித்தது சால்கிஸ் பக்கத்து லெலான்டோஸ் சமவெளியில் என்கிறது. நான் புளூட்டார்க்கை நம்புகிறேன். அவர் ஊர் கைரோனியா, ஓர்கோமெனோஸுக்குப் பக்கத்து ஊர். இந்தக் கரைகளின் கதைகள் அவருக்குக் காதுவழியாகவே வந்தவை.

ஒருநாள் சுல்லா கரையில் நடந்துகொண்டிருந்தார். மீனவர்கள் சிலர் அருமையான மீன்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மனசு குளிர்ந்து, எந்த ஊர் என்று கேட்டார். ஹாலாய் என்றார்கள். ஹாலாய்க்காரன் எவனாவது இன்னும் உயிரோடு இருக்கிறானா என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சுல்லா சிரித்துவிட்டு, பயப்படாமல் போங்கள், உங்களுக்காகப் பரிந்துபேச வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை என்றார். மீன்களைத்தான் சொன்னார். ஏதென்ஸுக்காக மனிதர்கள் பரிந்து பேசினார்கள், ஹாலாய்க்காக மீன்கள்.

அந்த வார்த்தையால் தைரியம் வந்துதான் நாங்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து ஊர் திரும்பினோம் என்று ஹாலாய் மக்கள் சொல்கிறார்கள் என்று புளூட்டார்க் முடிக்கிறார். அவர் எழுதுவது சுமார் 200 வருஷத்துக்குப் பிறகு. அதுவரை அந்த ஊர் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சுல்லாவுக்கு அது குளியலுக்கும் கூத்துக்கும் நடுவே வந்த ஒரு சிரிப்பு. அவர்களுக்கு அது ஊர் மறுபடி உண்டான கதை. தங்கள் தண்ணீரில் பிடித்த மீனை, தங்களை அழித்தவனுக்கே கொடுத்துத்தான் ஊரை மீட்க வேண்டியிருந்தது. இதையும் ஒரு தீர்வை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

புளூட்டார்க் இன்னோர் இடத்திலும் இந்த ஊரைக் கொண்டுவருகிறார், விருந்துப் பேச்சுகளைத் தொகுத்த நூலில். அவர் காலத்தில் எடிப்சோஸ் கிரேக்கம் முழுவதற்கும் பொதுவான உல்லாச இடமாகிவிட்டது. நல்ல வீடுகள், தங்குமிடங்கள், காட்டுப் பறவைகள், கரையோர ஆழத்தில் கொழுத்த மீன்கள். வசந்த காலத்தின் நடுவில் கூட்டம் அலைமோதும். வந்தவர்களுக்கு வேலை ஒன்றும் இல்லாததால் பேச்சுதான் வேலை. ஒரு விருந்தில், உணவில் உசத்தி கடல் தருவதா நிலம் தருவதா என்று பட்டிமன்றமே நடக்கிறது. மீன் என்றதும் ஹாலாய்க்காரர்களை நினைக்காமல் என்னால் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ரோம் போனது, வெனிஸ் வந்தது, ஒட்டோமான்கள் வந்தார்கள், 1830-களில் தீவு புதிய கிரேக்க அரசோடு சேர்ந்தது. 1897-இல் கரையில் ஒரு பெரிய விடுதி எழுந்தது. ஐரோப்பியக் குளியல் நகரங்களின் பாணி. பெயர் தெர்மே சில்லா, அதாவது சுல்லாவின் வெந்நீர்க் குளியல். நான் கடலிலிருந்து நிமிர்ந்து பார்த்தது அதைத்தான். ஊரைத் தேடி வந்தவர்களில் ஆயிரம் பேர் இருக்க, எதிர்க்கரை ஊரை அழித்தவர் பெயர்தான் பலகையில் நின்றது. வரலாற்றில் இது புதுசும் இல்லை.

ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் கதை பணக்கார விடுதியோடு முடியவில்லை. இங்கே பொதுக் குளியல் நிலையமும் வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வெந்நீர்க் குளியல் செலவில் ஒரு பகுதியைத் தொழிலாளர் காப்பீட்டு நிதிகள் ஏற்கும் வழக்கம் கிரேக்கத்தில் வேரூன்றியது. ஓய்வுபெற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வருஷா வருஷம் குளிக்க வருவது அப்படி வளர்ந்த பழக்கம். வெந்நீர் நோயைத் தீர்க்கிறதா என்று கேட்டால், சுல்லாவின் கவுட்டை அது தீர்த்திருக்காது. அது ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுவதால் வருவது. ஆனால் தேய்ந்த மூட்டுக்கும் இறுகிய தசைக்கும் சுடுதண்ணீர் ஆறுதல் தரும். தண்ணீருக்குள் உடம்பின் பாரம் குறைவதால் நடக்க முடியாதவரும் கொஞ்சம் நடப்பார். அவ்வளவுதான். எழுபது வயதில் அந்த அவ்வளவுதான் பெரிய விஷயம்.

கட்டணம் வைப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சுண்ணாம்பு படிந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், யாராவது சுத்தம் செய்ய வேண்டும். 80 டிகிரித் தண்ணீரை ஆறவைத்துத்தான் தொட்டியில் விட வேண்டும். வழுக்கிற கல்லில் கைப்பிடி வேண்டும். இதற்கெல்லாம் காசு ஆகும். தளபதிகளின் 'சிக்கனம்' முழுப் பொய்யும் அல்ல. ஒரு வாசலுக்குக் கட்டணம் இருக்கட்டும், இன்னொரு வாசல் திறந்தே இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. எடிப்சோஸில் நான் போன நாளில் திறந்திருந்தது.

அந்தத் திறந்த வாசலுக்கு ஒரு பெயரும் இருக்கிறது. வெந்நீர் கடலில் விழும் அந்தக் கரையோரப் பகுதியை அயீ அனார்கிரி என்கிறார்கள். காஸ்மாஸ், தமியான் என்ற இரட்டைப் புனிதர்களைக் குறிக்கும் பெயர். மருத்துவர்களாக இருந்து, யாரிடமும் கூலி வாங்காமல் வைத்தியம் பார்த்தார்கள் என்பது நம்பிக்கை. அனார்கிரி என்றால் வெள்ளி இல்லாதவர்கள், காசு வாங்காதவர்கள். வரி போட்டதும் ஊற்று வற்றிய ஊரில், இலவச வெந்நீர்க் கரைக்குக் காசு வாங்காத வைத்தியர்கள் பெயர். யாரும் திட்டமிட்டு வைத்திருக்க மாட்டார்கள். புனிதர்கள் பெயரில் கிரேக்கம் முழுக்க ஆலயங்கள் உண்டு. ஆனாலும் பெயரைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

அரை மணிக்கு மேல் இருக்கக் கூடாது என்று பாட்டி மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். வெளியே வந்து, துடைத்துக்கொண்டு, அங்கிருந்த ஆலயத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கிரேக்க ஆலயம் எல்லாவற்றிலும் போல மெல்லிய மெழுகுவர்த்திகளும் பக்கத்தில் ஒரு காசுப் பெட்டியும். இவ்வளவு போடு என்று எழுதியிருக்கவில்லை, பார்த்துக்கொண்டு நிற்க ஆளும் இல்லை. பையைத் துழாவினேன், ஒரு யூரோக் காசு அகப்பட்டது. பெட்டியில் போட்டேன். முழங்கால் அன்று சாயங்காலம் வரை வலிக்கவில்லை.